பீப்பாயில் பிறந்த இன்னிசை

யாழையும் குழலையும் முழவையும் முதன்முதல் ஆக்கியவர் யாவர் என்பதை இன்று எவராலும் கூற இயலாது. அவை அத்துணைத் தொன்மையானவை. ஆயின், இருபதாம் நூற்றாண்டிலேயே ஒரு புதிய இசைக்கருவி தோன்றியது. அதனை உருவாக்கியோரின் பெயர்களும் நமக்குக் கிட்டியுள்ளன. அக்கருவியே 'ஸ்டீல் பேன்' எனப்படும் எஃகுக் கலம். அது பிறந்த இடம் அரண்மனையன்று. டிரினிடாட் தீவின் ஏழை மக்கள் வாழ்ந்த தெருக்களே. அதனைச் செம்மைப்படுத்தியவர்களுள் தலையாயவர் எல்லி மேனட்.

ஆங்கிலேயர் ஆட்சியில், 1880களில், அத்தீவில் ஆப்பிரிக்க வழிவந்த மக்களின் பறைமுழக்கம் சட்டத்தால் ஒடுக்கப்பட்டது. பறையை இழந்த மக்கள் மூங்கிற் கழிகளைத் தரையில் மோதித் தாளம் எழுப்பினர். 1930களில் தகர டின்களும் இரும்புப் பாத்திரங்களும் அவர்தம் கைகளில் தாளக் கருவிகளாயின. அடிபட்டு நெளிந்த இடங்களில் ஒலி வேறுபடுவதை இளைஞர்கள் கண்டனர். தாளத்தைத் தடுக்கப் போய்ப் புதியதோர் இசைக்கு வழிகோலியது அச்சட்டம்!

1927ஆம் ஆண்டு பிறந்த மேனட், தலைநகர் போர்ட் ஆப் ஸ்பெயினில் 'இன்வேடர்ஸ்' என்னும் குழுவை வழிநடத்தினார். அதுவரை கலத்தின் முகத்தை வெளிப்புறமாகப் புடைக்கச் செய்வதே வழக்கம். மேனட் அதனை உட்குழியச் செய்தார். 1946ஆம் ஆண்டளவில் 55 கேலன் எண்ணெய்ப் பீப்பாயைக் கையாண்டார். குழிந்த பரப்பில் பல சுரங்களுக்கு இடம் கிடைத்தது. அடிக்கும் கோலின் நுனியில் ரப்பரைச் சுற்றி ஓசையின் கடுமையைத் தணித்தவரும் அவரே. பால்மரக் காட்டு நிழலில் வளர்ந்த நமக்கு இச்செய்தி தனி மகிழ்ச்சி அளிப்பதாகும்.

அக்காலத்தில் எஃகுக் கலம் இசைப்போரைக் கலகக்காரர் என்றே மேட்டுக்குடியினர் இகழ்ந்தனர். குழுக்களிடையே தெருச் சண்டைகளும் நிகழ்ந்ததுண்டு. 1951ஆம் ஆண்டு, மேனட் உள்ளிட்ட இளைஞர் குழுவொன்று பிரிட்டன் விழாவில் இசைப்பதற்காக இலண்டன் சென்றது. துருப்பிடித்த பீப்பாய்களிலிருந்து எழுந்த இன்னிசையைக் கேட்டோர் வியந்தனர். அயலார் போற்றிய பின்னரே உள்ளூரில் மதிப்பு உயர்ந்தது. இஃது எல்லா நாட்டுக் கலைகளுக்கும் நேரும் நிலைதானே!

1967ஆம் ஆண்டு மேனட் அமெரிக்காவில் குடியேறினார். நியூயார்க் நகரில், சமூகப் பணியாளர் மர்ரி நாரெலுடன் இணைந்து, வழிதவறும் நிலையிலிருந்த இளைஞர்களுக்கு இக்கருவியைக் கற்பித்தார். அடிதடியில் இறங்கக்கூடிய கைகளில் இசைக்கோலைத் தந்தார். பின்னர்ப் பள்ளிகளுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் சென்று இசைக்குழுக்கள் அமையத் துணைநின்றார்.

1990களின் தொடக்கத்தில் மேற்கு வர்ஜீனியாப் பல்கலைக்கழகம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே அவர் ஆற்றிய பணியே நம் உள்ளத்தை ஈர்ப்பது. பீப்பாயின் முகத்தைச் சம்மட்டியால் குழித்து, சுரங்களுக்குரிய இடங்களை வகுத்து, சூடேற்றி, சிறு சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி கூட்டுவது அரிய கலை. அதனை ஏட்டில் எழுதிவிட முடியாது. காதும் கையும் பல்லாண்டு பழகவேண்டும். அக்கலையைத் தம்மோடு மறைந்துபோக விடாமல், மாணவர்களை அருகில் இருத்திக் கற்பித்தார் மேனட்.

அவர் தாய்நாட்டை விட்டுச் சென்றது இழப்பன்றோ எனச் சிலர் வினவலாம். தேர்ந்த கைவினைஞர் ஒருவரை டிரினிடாட் இழந்தது உண்மையே. எனினும், அவர் சென்ற இடமெல்லாம் அத்தீவின் இசையும் சென்றது. 1999ஆம் ஆண்டு அமெரிக்கா தேசிய மரபுரிமை விருது வழங்கியது. 2000ஆம் ஆண்டு மேற்கிந்தியப் பல்கலைக்கழகம் மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. 2018ஆம் ஆண்டு, தம் தொண்ணூறாம் அகவையில், அவர் மறைந்தார். 2023ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, ஆகஸ்டு 11ஆம் நாளை உலக ஸ்டீல் பேன் நாளாக அறிவித்தது.

ஆசிரியப் பெருமக்களே! எறியப்பட்ட பீப்பாயிலும் சுரம் உறைகின்றது என்று கண்டவர் மேனட். நம் வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவனிடமும் ஒரு சுரம் உறைகின்றது. ஓங்கி அடித்தால் அது வெளிப்படாது. செவிசாய்த்துப் பொறுமையோடு தட்டினால் வெளிப்படும்.