பூஞ்சணத்துக்கு யார் பொறுப்பு? இங்கிலாந்தின் ஒரு சட்டக் கதை

1885இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. தொழிலாளர் குடும்பத்துக்கு வீட்டை வாடகைக்கு விடுகிறவர், அது மனிதர் வசிக்கத் தகுந்த வீடு என்று உறுதி தந்ததாகவே எடுத்துக்கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் சரி. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் குறிப்பிட்ட ஒரு வாடகைக்குக் கீழே உள்ள வீடுகளுக்கு மட்டும்தான் அது செல்லும்.

அந்த எல்லைதான் கதையின் முடிச்சு. 1957இல் அதைத் திருத்தினார்கள்: லண்டனில் வருடத்துக்கு 80 பவுண்ட், மற்ற இடங்களில் 52. அதாவது கிழமைக்கு ஒரு பவுண்ட். அதற்குப் பிறகு ஒருவரும் அதைத் தொடவில்லை. 1985இல் வாடகைச் சட்டங்களைத் தொகுத்து எழுதியபோதும் அதே 80, அதே 52. அந்த விலைக்கு அப்போது வீடு எங்கே கிடக்கு? சட்டத்தை நீக்கினால் சத்தம் வரும். நீக்காமல் அப்படியே சாகவிட்டால் யாருக்கும் தெரியாது.

இதே காலத்தில்தான் பூஞ்சணம் பெரிய பிரச்சினையாக வளர்ந்தது. 1960களிலும் 70களிலும் உள்ளூராட்சிச் சபைகள் அவசர அவசரமாகக் கொங்கிறீற் வீடுகளைக் கட்டின. பழைய வீடுகளில் கரி அடுப்பு எரியும், புகைபோக்கி வழியாகக் காற்று போய் வரும். புது வீடுகளில் அந்த வழி இல்லை. ஒற்றைக் கண்ணாடி யன்னல், உலோகச் சட்டம், வெப்பத்தைப் பிடித்து வைக்காத சுவர். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு வீட்டைச் சூடாக வைத்திருப்பதும் செலவாகிவிட்டது. சமைக்கிற ஆவி, குளிக்கிற ஆவி, மூச்சு எல்லாம் கூதல் சுவரில் பட்டு ஒடுங்கித் தண்ணீராகும். ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த அதே ஒடுங்கல்தான். ஈரம் காயாமல் நின்றால் பூஞ்சணம் பிடிக்கும்.

கிளாஸ்கோவின் கோர்பல்ஸ் பகுதியில் இப்படிக் கட்டிய ஒரு தொகுதிக்கு எதிராக ஆட்கள் திரண்டு போராடினார்கள். 1987இல் அதை இடித்தே விட்டார்கள். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி நடக்கவில்லை.

வேல்ஸில் டஃப் எலி என்ற உள்ளூராட்சிச் சபையின் வீட்டில் இருந்த குவிக் என்பவர் வழக்குப் போட்டார். தளபாடம், படுக்கை, உடுப்பு எல்லாம் ஈரத்தில் பழுதாகிப் போயின. குளிர்காலத்தில் அந்த வீடு மனிதர் வசிக்கவே தகுதியற்றது என்கிற அளவுக்கு மோசம் என்பதைக் கீழ் நீதிமன்றம் ஏற்று அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 1985இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. காரணம் இதுதான்: வீட்டு உரிமையாளருக்கு உள்ள கடமை திருத்துவது. உடைந்தால்தானே திருத்தலாம்? இந்த வீட்டில் எதுவும் உடையவில்லை. கட்டியபோதே இப்படித்தான் கட்டப்பட்டது. ஆகவே கடமை இல்லை.

இரண்டு மூன்று தரம் வாசித்துத்தான் எங்களுக்கு இது விளங்கியது. நல்ல வீடு கெட்டுப்போனால் வழக்கு நிற்கும். கெட்ட வீடாகவே பிறந்த வீட்டுக்கு வழக்கு இல்லை. 1885இன் சட்டம் உயிரோடு இருந்திருந்தால் இந்த ஓட்டையை அது அடைத்திருக்கும். அது கிழமைக்கு ஒரு பவுண்டில் செத்துக் கிடந்தது.

2004இல் இன்னொரு வழி வந்தது. வீட்டில் இருக்கக்கூடிய 29 ஆபத்துகளுக்குப் பட்டியல் போட்டார்கள். அதில் ஈரமும் பூஞ்சணமும்தான் முதலாவது. உள்ளூராட்சிச் சபை வந்து சோதித்து, உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்பலாம். ஆனால் சபையே உரிமையாளர் என்றால்? தனக்குத் தானே அறிவித்தல் அனுப்ப முடியாது. கவுன்சில் வீட்டில் இருந்தவர்கள் திரும்பவும் வெளியே நின்றார்கள்.

பழைய சட்டத்தை எழுப்ப முயற்சி நடக்காமல் இல்லை. தொழிற்கட்சி உறுப்பினர் கரன் பக் 2015இல் கொண்டுவந்த பிரேரணையைப் பேசிப் பேசியே நேரத்தைப் போக்கி மடக்கினார்கள். 2016 ஜனவரியில் இதே விடயம் ஒரு திருத்தமாக வந்தது, 312க்கு 219 என்று தோற்றது. வீடு வசிக்கத் தகுதியாக இருக்கவேண்டும் என்பதற்கு எதிராக 312 வாக்கு! கடைசியில் 2018இல் சட்டம் நிறைவேறி, 2019 மார்ச்சில் இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. வாடகை எல்லை போயே போய்விட்டது.

கதை இதோடு முடிந்திருக்கவேண்டும். முடியவில்லை.

2020 டிசம்பரில் ரொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற குழந்தை இறந்தான். இரண்டாவது பிறந்தநாள் முடிந்து எட்டு நாள். பெற்றோர் சூடானில் இருந்து வந்தவர்கள். ஓர் அறை வீட்டில் பூஞ்சணம் பிடித்ததைத் தகப்பன் 2017இலேயே அறிவித்தார். பெயின்ற் அடித்து மூடச் சொன்னார்கள். 2020இல் குடும்பம் சட்டத்தரணியிடம் போனது. சட்டத்தரணி வந்துவிட்டால் வழக்குப் பேசி முடியும்வரை திருத்த வேலை இல்லை என்பது அந்த வீட்டுச் சங்கத்தின் நடைமுறை. உரிமையைக் கேட்டதே வேலையை நிறுத்தியது. நீண்டகாலம் பூஞ்சணத்தைச் சுவாசித்ததால் வந்த சுவாச நோயே சாவுக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி முடிவு சொன்னார்.

குடும்பத்தின் வாழ்க்கைமுறை பற்றித் தாங்கள் பிழையான ஊகங்கள் செய்ததாக அந்தச் சங்கம் பிறகு ஒத்துக்கொண்டது. எப்படிக் குளிக்கிறார்கள், என்ன சமைக்கிறார்கள் என்பதுதான் ஊகம். லண்டனில் சொந்தக்காரர் உள்ள ஆக்களுக்கு இது புதுசாக இருக்காது. "கறி வைக்கிறனீங்கள், யன்னலைத் திறவுங்கோ" என்பதை எத்தனை வீட்டில் கேட்டிருப்பார்கள்? வாடகைக்காரரைக் குற்றம் சொல்லக்கூடாது, சமையலும் குளிப்பும் உடுப்புக் காயப்போடுவதும் தவிர்க்க முடியாதவை என்று அரசு வழிகாட்டி ஒன்றில் எழுதிவைக்க 2023 ஆகிவிட்டது.

அதே 2023இல் வந்த சமூக வீடமைப்புச் சட்டத்தில் 'அவாப் சட்டம்' என்று அழைக்கப்படும் பிரிவு சேர்க்கப்பட்டது. 2025 ஒக்டோபர் 27இல் அது நடைமுறைக்கு வந்தது. இதில் புதுசு எது என்றால், நாள் கணக்கு. அவசர ஆபத்து என்றால் 24 மணித்தியாலத்துக்குள் சரி செய்யவேண்டும். பெரிய அளவில் ஈரமோ பூஞ்சணமோ என்றால் 10 வேலை நாளுக்குள் விசாரிக்கவேண்டும், முடிந்து 3 வேலை நாளுக்குள் எழுத்தில் அறிக்கை தரவேண்டும், 5 வேலை நாளுக்குள் வீட்டை ஆபத்தில்லாமல் ஆக்கவேண்டும். முடியாவிட்டால் வேறு இடத்தில் தங்க வைக்கவேண்டும். 'தகுந்த வீடு' என்று 1885இலேயே எழுதியவர்கள், எத்தனை நாளுக்குள் என்பதை எழுத 140 வருடம் எடுத்தார்கள். 2019இல் உயிர்த்த உரிமை அவாபுக்கு உதவாமல் போனதற்கும் இதுதான் காரணம் என்று நாங்கள் நினைக்கிறோம்: உரிமை அவன் பெற்றோரிடம் இருந்தது, நாட்காட்டி வீட்டுச் சங்கத்திடம் இருந்தது.

இந்த நாள் கணக்கு இப்போதைக்கு கவுன்சில், வீட்டுச் சங்க வீடுகளுக்கு மட்டும்தான். தனியார் வீடுகளுக்கும் நீட்ட 2025இன் இன்னொரு சட்டம் வழி விட்டிருக்கிறது, ஆனால் அந்தச் சட்டம் நிறைவேறியபோது அதற்குத் திகதி குறிக்கவில்லை. புதிதாகப் போய் இறங்குகிற எங்கள் ஆக்கள் பெரும்பாலும் முதலில் இருப்பது அந்தத் தனியார் அறைகளில்தான்.