ஆரல்வாய்மொழியும் ரியோ கிராண்டேயும்

சவுத் பாட்ரே தீவுக்குப் போய்த் திரும்புகிற நம் சபைக் குடும்பங்களுக்கு சரிட்டா சோதனைச்சாவடியைத் தெரிந்திருக்கும். நெடுஞ்சாலை 77-இல், எல்லையை விட்டு வெகுதூரம் வடக்கே வந்த பிறகு, எல்லா வண்டிகளும் அங்கே நிற்க வேண்டும். பச்சைச் சீருடைக்காரர் ஜன்னலருகே குனிந்து ஒரே கேள்வி கேட்பார்: எல்லோரும் அமெரிக்கக் குடிமக்களா? பின்சீட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள். அப்பாவுக்கு எச்-1பி, அம்மாவுக்கு எச்-4, ஊரிலிருந்து வந்திருக்கிற பாட்டிக்கு விசிட்டர் விசா. ஒரே கார், ஒரே குடும்பம், நாலு விதமான பதில்.

இந்த வருஷம் எங்கள் வாலிபர் ஐக்கியத்தில் சிலர் அப்படித் திரும்பும்போது, நாகர்கோவிலிலிருந்து வந்திருந்த ஒரு பாட்டி சாதாரணமாகச் சொன்னார்: "எங்க சின்ன வயசுல ஆரல்வாய்மொழியிலயும் இப்பிடித்தான் பஸ்ஸ நிறுத்தி மூட்டைய அவுத்துப் பாப்பாவ." காரில் இருந்த பிள்ளைகளுக்கு நம்ப முடியவில்லை. நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் நடுவில் எல்லையா? எல்லையும் இருந்தது, மதிலும் இருந்தது. நம் முன்னோர் பலருக்குச் சுவிசேஷம் வந்து சேர்ந்ததே அந்த மதிலின் வாசல் வழியாகத்தான். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லப்போய், நாங்களே படிக்க வேண்டியதாகிவிட்டது. படித்ததை இங்கே எழுதுகிறோம்.

மதில் என்றால் ஆளை உள்ளே விடாமல் தடுப்பது என்றுதான் முதலில் நினைக்கிறோம். பிரிட்டனின் வடக்கில் ரோமப் பேரரசன் ஹேட்ரியன் கி.பி. 122-இல் கட்டத் தொடங்கிய மதிலைப் பாருங்கள். ஏறத்தாழ 117 கிலோமீட்டர் நீளம். ஆனால் ஒவ்வொரு ரோம மைலுக்கும் ஒரு சிறு கோட்டையும் அதில் ஒரு வாசலும் வைத்திருந்தார்கள். தடுக்க மட்டும்தான் என்றால் இத்தனை வாசல் எதற்கு? போகிறவன் யார், வருகிறவன் எதைக் கொண்டு வருகிறான், அவனிடம் என்ன வசூலிக்கலாம் என்று பார்ப்பதுதான் மதிலின் அன்றாட வேலை. வாசலைத் தாண்டியதும் ஒருவன் வேறொரு சட்டத்தின் கீழ் வந்துவிடுகிறான். ஆரல்வாய்மொழியில் நடந்ததும் அதுவே.

மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே முடியப்போகிற இடத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு கணவாய். இன்று முப்பந்தல் காற்றாலைகள் சுழலுகிற அதே இடம். கிழக்கே திருநெல்வேலிச் சீமையின் செம்மண், மேற்கே நாஞ்சில் நாட்டின் வயல். இருபுறமும் ஒரே மொழி, ஒரே மாதிரிப் பனை, பெண் கொடுத்து எடுக்கிற உறவு. ஆனால் மேற்கே ஆண்டது திருவிதாங்கூர் மகாராஜா. கணவாயைக் குறுக்கே அடைத்து அரண் இருந்தது. 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு மார்த்தாண்ட வர்மாவின் தளபதியான டி லனாய் அந்தத் தென்னெல்லைக் காவலைப் பலப்படுத்தினார். கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலோரம் நிற்கிற வட்டக்கோட்டை அவர் காலத்தில் புதுப்பித்ததுதான். உதயகிரிக் கோட்டைக்குள் இருக்கும் அவருடைய கல்லறையில் லத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

அந்த டி லனாயிடம் கிறிஸ்துவைப் பற்றிக் கேட்டறிந்தவர் அரண்மனை அலுவலர் நீலகண்ட பிள்ளை. 1745-இல் எல்லைக்குக் கிழக்கே, திருவிதாங்கூர் ஆணை செல்லாத வடக்கன்குளத்துக்குப் போய் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்பு கைதாகி, ஊர் ஊராக அடித்து இழுத்துச் செல்லப்பட்டு, கடைசியில் எல்லையான ஆரல்வாய்மொழிக்கே தள்ளப்பட்டார். 1752 ஜனவரி 14-ஆம் தேதி காற்றாடி மலையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். 2022-இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. நாம் கத்தோலிக்கர் அல்ல. ஆனாலும் ஞானஸ்நானம் எல்லைக்கு அப்பால், மரணம் எல்லையின் மேல் என்று அமைந்த இந்த வாழ்க்கையை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்வது நல்லது.

அரை நூற்றாண்டு கழித்து, எல்லைக்குச் சற்று உள்ளே இருக்கும் மயிலாடியிலிருந்து மகாராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். அங்கே மனம் நிறையாமல், தஞ்சாவூர்ப் பக்கத்து உறவினரிடம் போனவர், மிஷனெரி கோலாபின் பிரசங்கத்தைக் கேட்டு, 1799-இல் ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கமாகத் திரும்பி வந்தார். வந்து தம் சொந்த ஜனங்களுக்குச் சொன்னார். ஒன்றைக் கவனியுங்கள்: தென் திருவிதாங்கூரில் நம் சபையை முதலில் விதைத்தது வெள்ளைக்காரர் அல்ல, தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்த இந்த மனிதர். அவர் வருந்தி அழைத்ததால்தான் லண்டன் மிஷனெரி சங்கத்தைச் சேர்ந்த ஜெர்மானியர் ரிங்கல்தௌபே 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினார். ஆலயம் கட்ட அனுமதி எளிதில் கிடைக்கவில்லை. கம்பெனியின் ரெசிடென்ட் மெக்காலேயின் சிபாரிசு வேண்டியிருந்தது.

அதற்குள் யுத்தம் வந்தது. திவான் வேலுத்தம்பி கம்பெனியை எதிர்த்து எழுந்தார். 1809 பிப்ரவரி 10-ஆம் தேதி கர்னல் செயின்ட் லெஜரின் படை ஆரல்வாய்மொழி அரணைப் பிடித்தது. ஒரு பிரிவு இரவோடிரவாக மலைப்பக்கம் ஏறி, காவலர் எதிர்பாராத திசையிலிருந்து இறங்கியது. அதே வருஷம் மயிலாடியில் ஆலயம் எழுந்தது. இதை எரிகோவின் மதில் விழுந்த கதைபோலச் சொல்ல நமக்கு ஆசை வரும். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. எரிகோவைச் சுற்றி எக்காளம் ஊதினார்கள். இங்கே சுட்டது கம்பெனியின் பீரங்கி. நமக்கு வாசல் திறந்த அதே நாள் கேரளத்தில் இன்றும் வீரராகக் கொண்டாடப்படுகிற ஒருவரின் தோல்வி நாள். இரண்டும் உண்மை.

அரண் போனாலும் எல்லை போகவில்லை. அந்த எல்லை என்ன செய்தது என்பதை நம் பாட்டிமாரின் பாட்டிமார் உடம்பிலேயே அறிந்திருந்தார்கள். திருவிதாங்கூரில் நாடார் முதலான சமூகத்துப் பெண்கள் மேலாடை போடக் கூடாது. கணவாய்க்குக் கிழக்கே கம்பெனி ஆட்சியில் அப்படி ஒரு ராஜ கட்டளை இல்லை. கிழக்கேயிருந்து மேற்கே வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி, கணவாயைத் தாண்டும்போது எதைக் கழற்ற வேண்டியிருந்தது என்று யோசித்துப் பாருங்கள். கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் போட்டுக்கொள்ளலாம் என்று மன்றோ திவானாக இருந்தபோது அனுமதி வந்தது. ஆனால் சந்தையில் அதைக் கிழித்தார்கள். 1820-களில் ஆலயங்களுக்கும் பள்ளிக்கூடங்களுக்கும் தீ வைத்தார்கள். 1829-இல் மகாராணியின் அறிக்கை குப்பாயத்தை அனுமதித்தது. மேல்சாதியார்போல் தோள்சீலை போடுவதைத் தடுத்தது. 1858-இல் மறுபடியும் கலகம். சென்னை கவர்னர் ட்ரெவெலியன் நெருக்கிய பிறகு, 1859 ஜூலை 26-ஆம் தேதி நாடார் பெண்கள் மேலாடை அணியலாம் என்று அறிக்கை வந்தது. அப்போதும் 'மேல்சாதியார் அணிகிறபடி அல்ல' என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வந்தது.

அடிமைத்தனமும் அப்படித்தான். கம்பெனி ஆட்சிப் பகுதியில் 1843-ஆம் வருஷச் சட்டம் அடிமை உரிமையைச் செல்லாததாக்கியது. திருவிதாங்கூரில் அடிமைகளை விடுதலையாக்கிய அறிக்கை 1855-இல். இடையில் பன்னிரண்டு வருஷம், கணவாய்க்கு ஒரு பக்கம் மனிதன், மறுபக்கம் சொத்து. இன்னொரு வார்த்தையும் இங்கே ஞாபகத்துக்கு வருகிறது. நாம் 'ஊழியம்' என்று எவ்வளவு பிரியமாகச் சொல்கிறோம்! அன்றைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்ய வேண்டிய கட்டாய வேலை. கிறிஸ்தவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது அந்த ஊழியத்திலிருந்து விலக்கு வாங்கவே மன்றோவின் உத்தரவு தேவைப்பட்டது. ஆலயத்துக்கு வர ஊழியத்திலிருந்து விடுமுறை கேட்ட ஜனங்கள் அவர்கள்.

இப்படி எல்லையில் அடிபட்டவர்கள் தங்களுக்குள் எல்லை வைக்காமல் இருந்தார்களா? தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த ஆலயத்துக்குக் காற்சட்டையின் இரு கால்கள்போல இரண்டு கூடங்கள். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார், நடுவில் தடுப்பு. 1910-இல்தான் அதை உடைத்தார்கள், அதற்கும் கோர்ட்டு வழக்கு நடந்தது. இது அவர்கள் கதை என்று ஒதுக்க நமக்கு வழியில்லை. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேற்றுமை உடனே ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பியபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் எத்தனையோ பேர் சபையைவிட்டே வெளியேறினார்கள். தனித்தனி உட்காருமிடமும், திருவிருந்துப் பாத்திரம் யாருக்கு முதலில் என்பதும்தான் சண்டை. பவுல் எபேசியருக்கு எழுதும்போது சொல்கிற நடுச்சுவரைப் பற்றி அவர்கள் கேள்விப்படாதவர்கள் அல்ல. நம் குடும்பங்களில் வரன் பார்க்கும்போது முதலில் என்ன விசாரிக்கிறோம் என்பதை டெக்சாஸில் வளர்கிற பிள்ளைகள் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

எல்லைக்கோடும் ஓரிடத்தில் நிற்பதில்லை. 1865-இல் திருவிதாங்கூருக்கும் பிரிட்டிஷ் இந்தியாவுக்கும் ஏற்பட்ட வர்த்தக உடன்படிக்கை, நடுவிலிருந்த சுங்கத்தை அகற்றியது. பின்பு மொழிவாரி மாநிலம் என்ற கோரிக்கை எழுந்தது. வழக்கறிஞரும் நம் சபையைச் சேர்ந்தவருமான மார்ஷல் நேசமணி அதை முன்னின்று நடத்தினார். 1954 ஆகஸ்ட் 11-ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. எல்லை ஆரல்வாய்மொழியிலிருந்து களியக்காவிளைக்கு நகர்ந்தது. பாட்டி ஓர் அடிகூட நகரவில்லை. ஒரு ராத்திரியில் மாநிலம் மாறிவிட்டது. மூன்று வருஷத்தில் திருமண்டலமும் பிரிந்தது: 1959-இல் கன்னியாகுமரித் திருமண்டலம் தனியானது.

நாம் இப்போது குடியிருக்கிற டெக்சாஸிலும் ஜனங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, கோடு அவர்களைத் தாண்டிப் போயிருக்கிறது. இது மெக்சிகோவின் பகுதியாக இருந்தது. 1836-இல் தனி நாடு, 1845-இல் அமெரிக்க மாநிலம், யுத்தத்துக்குப் பின் 1848 உடன்படிக்கையில் ரியோ கிராண்டே ஆறு எல்லை. இன்று ஜனங்கள் வடக்கே வருவதைத் தடுக்கத்தான் மதில் என்று கேட்டுக்கேட்டுப் பழகிவிட்டோம். அன்று ஓடியவர்கள் தெற்கே ஓடினார்கள். மெக்சிகோ 1829-இல் அடிமைத்தனத்தை ஒழித்திருந்தது. தன் மண்ணில் கால் வைத்த அடிமை அக்கணமே விடுதலை என்று அதன் 1857-ஆம் வருஷ அரசியல் சாசனம் சொன்னது. டெக்சாஸ் அடிமைகளுக்கு 1865 ஜூன் வரை அந்த ஆறுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய்.

அதே 1857-இல் நதானியேல் ஜாக்சன் என்ற வெள்ளைக்காரர் அலபாமாவிலிருந்து குடும்பத்தோடு வண்டி கட்டி வந்து, ஆற்றங்கரையில் பண்ணை அமைத்தார். மனைவி மாட்டில்டா ஹிக்ஸ் கறுப்பினப் பெண், அடிமையாக இருந்து விடுதலையானவர். அலபாமாவில் அவர்கள் புருஷனும் மனைவியுமாக வாழச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. ஆற்றைத் தாண்டி மெக்சிகோவுக்குத் தப்பிப்போன அடிமைகளுக்கு அந்தப் பண்ணை உதவியது என்று அந்தக் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். 1874-இல் அங்கே ஒரு மெதடிஸ்டு ஆலயம் எழுந்தது. பக்கத்தில் ஈலை ஜாக்சன் கல்லறைத் தோட்டம்.

எல்லை மதில் ஆற்றின் கரையிலேயே எழுவதில்லை. ஹிடால்கோ கவுண்டியில் வெள்ளத்தடுப்புக் கரையை ஒட்டி, ஆற்றுக்கு வடக்கே உள்தள்ளித்தான் கட்டினார்கள். அதனால் அமெரிக்க மண்ணிலேயே சில நிலங்கள் மதிலுக்கு 'அந்தப்புறம்' ஆகிவிடுகின்றன. மிஷன் நகரத்துக்குத் தெற்கே லா லோமிட்டா என்ற சின்னக் கத்தோலிக்கச் சிற்றாலயம் அப்படி மதிலுக்கு வெளியே போக இருந்தது. மறைமாவட்டமே எதிர்த்தது. 2019 பிப்ரவரியில் வந்த நிதி ஒதுக்கீட்டுச் சட்டம் அதற்கு விலக்குத் தந்தது. அந்த வருஷக் கடைசியில் வந்த சட்டம் பழைமையான கல்லறைத் தோட்டங்களுக்கும் விலக்குத் தந்தது. ஒவ்வொரு சட்டமும் அதற்குரிய நிதிக்குத்தான். அடுத்த நிதி, அடுத்த சட்டம்.

அடுத்த வசந்தகால விடுமுறையில் சவுத் பாட்ரே போகிறவர்கள் ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு மெக்காலன் பக்கம் போனால், சான் ஹுவானுக்குத் தெற்கே அந்த மெதடிஸ்டு ஆலயத்தையும் கல்லறைகளையும் பார்த்துவிட்டு வரலாம். திரும்பும் வழி நெடுஞ்சாலை 281. அதிலும் ஃபால்ஃபூரியஸில் சோதனைச்சாவடி உண்டு. பாட்டியின் பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.