கப்பல் காசு யார் கொடுத்தது? – கடல் தாண்டிய தொண்டு பற்றிச் சில குறிப்புகள்

வெளிநாட்டுக்குப் போய் கொஞ்ச நாள் தொண்டு செய்யணும், போர் நடக்கிற இடத்திலோ அகதி முகாமிலோ கையால் ஆன உதவியைச் செய்யணும்னு நினைக்கிற பிள்ளைகள் இப்போ எங்க பக்கத்திலும் இருக்காங்க. நர்சிங் படித்தவர்கள், லேப் டெக்னீசியன்கள், இன்ஜினியரிங் முடித்தவர்கள். அவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "எந்த அமைப்புல சேரலாம்?" இரண்டாவது, "எவ்வளவு செலவாகும்?" இந்த இரண்டாவது கேள்வியைத்தான் வரலாற்றில் தேடிப் பார்க்கலாம்னு இதை எழுதுகிறேன். தொண்டு செய்யப் போனவர்களின் பேர் புத்தகத்தில் இருக்கும். அவர்களுக்குக் கப்பல் காசு கொடுத்தது யார் என்பது பெரும்பாலும் அடிக்குறிப்பில்கூட இருக்காது.

நம்ம ஊர்ப் பக்கத்திலிருந்தே தொடங்கலாம். வெளிநாட்டிலிருந்து தொண்டுக்கு வந்தவர்கள் என்றதும் அமெரிக்கன் மிஷன், வெள்ளைக்காரப் பாதிரியார் என்றுதான் ஞாபகம் போகும். ஆனால் உப்பூருக்கு வடக்கே, இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற தொண்டிக்கு வேறொரு கதை உண்டு. சுமார் 1900ல் யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவ மாணவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்கள் தேர்ந்தெடுத்த 'அயல்நாடு' நம்ம தொண்டி! அக்கரையிலிருந்து இக்கரைக்கு ஊழியர் அனுப்பி, அந்த வேலையைத் தாங்கி நடத்தினார்கள். அனுப்பினவர்களும் தமிழர், வந்து இறங்கின இடத்தில் பேசினதும் தமிழ். மதப் பிரசாரம்தான் நோக்கம், அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் பள்ளிக்கூடம், மருந்து, பிரசங்கம் மூன்றையும் யாரும் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கவில்லை.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான். அமெரிக்க போர்டு பாஸ்டனிலிருந்து அனுப்புகிற டாலரை நம்பி இருந்த ஒரு சமூகத்தின் பிள்ளைகள், தங்கள் கைக்காசில் இன்னொரு நாட்டுக்கு ஆள் அனுப்பத் துணிந்தார்கள். 1902ல் வை.எம்.சி.ஏ. வேலையாக யாழ்ப்பாணம் போன வி.எஸ். அசரியா இதைப் பார்த்து அசந்து போனார். திருநெல்வேலியில் இத்தனை சபைகள் இருந்தும் நாம் ஒரு ஆளைக்கூட வெளியே அனுப்பவில்லையே என்ற உறுத்தல் அவருக்கு. அடுத்த வருடம், 1903 பிப்ரவரியில், பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கம் பிறந்தது. அங்கிருந்து நிஜாம் ஆட்சியில் இருந்த தோர்ணக்கல்லுக்கு ஆள் போனது. வேறு மொழி, வேறு அரசு. இன்றைக்கு அது ரயில் ஏறிப் போய்விடுகிற தூரம். அன்றைக்கு அது கிட்டத்தட்ட வெளிநாடு.

திருநெல்வேலிச் சபைகளில் பிடியரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் அரிசி போடும்போது வீட்டுக்காரம்மா ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும், விற்றுக் காசாக்குவார்கள். பெரிய ஜமீன்தார் ஒருவர் ஆயிரம் ரூபாய் கொடுப்பதற்கும் ஆயிரம் வீட்டில் ஒரு பிடி அரிசி எடுப்பதற்கும் கணக்கில் வித்தியாசம் இல்லாமல் இருக்கலாம், ஆனால் போகிற ஆளுக்கு ரொம்ப வித்தியாசம். ஜமீன்தார் மனசு மாறினால் அடுத்த மாதம் பணம் நின்றுபோகும். பானை அப்படிச் சட்டென்று நிற்காது. அதே சமயம், ஆயிரம் வீட்டுக்கும் பதில் சொல்லணும். அந்த ஊழியர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

அடுத்தது எல்லாருக்கும் பேர் தெரிந்த கதை, சீனாவுக்குப் போன ஐந்து டாக்டர்கள். இது தமிழ்நாட்டுக் கதை இல்லைதான். ஆனாலும் இந்தியாவிலிருந்து வெளிநாட்டுக்கு மனிதாபிமான வேலைக்கு ஆள் போனதில் கணக்கு வழக்கு இவ்வளவு தெளிவாகத் தெரிகிற சம்பவம் வேறு இல்லை. 1937 கடைசியில் சீனத் தளபதி ஜு தே நேருவுக்குக் கடிதம் எழுதி டாக்டர்கள் கேட்டார். அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் சந்திர போஸ் 1938 ஜூன் 30ம் தேதி அறிக்கை விட்டார். ஜூலை 7, 8, 9 மூன்று நாளும் சீன நிதி நாட்கள். தெருத் தெருவாக உண்டியல் குலுக்கினார்கள். சேர்ந்தது ஏறக்குறைய 22,000 ரூபாய். ஒரு ஆம்புலன்ஸ், மருந்துகள், ஐந்து டாக்டர்கள், எல்லாத்துக்கும் சேர்த்து.

ஐந்து பேர்: அலகாபாத் மதன் அடல், நாகபுரி சோல்கர், சோலாப்பூர் கோட்னிஸ், கல்கத்தாவிலிருந்து தேபேஷ் முகர்ஜி, பி.கே. பாசு. அடல் ஏற்கெனவே ஸ்பெயின் உள்நாட்டுப் போரில் வைத்தியம் பார்த்துவிட்டு வந்தவர், அனுபவஸ்தர். கோட்னிஸுக்கு 27 வயசு, மேல்படிப்புக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர். பாசு முதலில் பட்டியலிலேயே இல்லை. ரணேன் சென் என்ற டாக்டரைத்தான் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவருடைய அரசியல் காரணமாக வெள்ளைக்கார அரசு பாஸ்போர்ட் கொடுக்கவில்லை. அந்த இடத்துக்குத்தான் பாசு வந்தார். இதைக் கொஞ்சம் கவனிக்கணும். பணம் இருக்கிறது, மனசு இருக்கிறது, அழைப்பும் வந்திருக்கிறது. ஒரு சின்னப் புத்தகம் இல்லாததால் ஒருத்தர் கரையிலேயே நின்றுவிட்டார். தொண்டுக்கு ஆகிற செலவில் ரூபாய்க் கணக்கில் வராத பகுதி இது.

1938 செப்டம்பர் 1ம் தேதி பம்பாயில் ராஜ்புதானா கப்பல் ஏறினார்கள். 1939 பிப்ரவரியில் யெனான் போய்ச் சேர்ந்தார்கள். அடல், சோல்கர், முகர்ஜி மூவரும் உடம்பு, குடும்பம் என்று ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். பாசு 1943 வரை இருந்தார். கோட்னிஸ் திரும்பவே இல்லை. அங்கே இருக்கும்போதே சோலாப்பூரில் அப்பா இறந்த செய்தி வந்தது. கூட இருந்தவர்கள் ஊருக்குப் போய்விட்டு வாங்க என்றார்கள். போகவில்லை. கூட வேலை பார்த்த நர்ஸ் குவோ சிங்லானைக் கல்யாணம் செய்தார், ஒரு மகன் பிறந்தான். 1942 டிசம்பர் 9ம் தேதி, 32 வயசில் இறந்துபோனார். அவர் பேரில் படம் வந்தது, சிலை வைத்தார்கள், இன்றும் சீனத் தலைவர்கள் இந்தியா வந்தால் அந்தக் குடும்பத்தைப் பற்றி விசாரிப்பார்கள். மூத்த பிள்ளைகளில் ஒருவன் சம்பாதிக்காத வருடங்களை சோலாப்பூர் வீடு எப்படி ஓட்டியது என்று அவ்வளவாக யாரும் கேட்பதில்லை. உண்டியல் குலுக்கிய ஊர்களின் 22,000 ரூபாய்க்குப் பக்கத்தில் அந்த வீட்டுச் செலவையும் எழுதினால்தான் கணக்கு முழுமையாகும்.

இந்த ஐந்து பேரில் சோல்கர் நம்ம கதைக்குள் மறுபடி வருகிறார். போர் முடிந்து 1946ல் காங்கிரஸ் மலாயாவுக்கு ஒரு மருத்துவக் குழு அனுப்பியது, தலைவர் சோல்கர். அங்கே நிலைமை என்னவென்று நம் வீட்டுப் பெரியவர்கள் வாய்வழியாகவே கேட்டிருப்போம். சயாம்–பர்மா ரயில் பாதை, 415 கிலோமீட்டர். அதைப் போட மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஜப்பான்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. ஆங்கிலேயக் கைதிகளுக்குக் கல்லறை உண்டு, பேர் பொறித்த கல் உண்டு. தமிழ்க் கூலிக்கு அது இல்லை. மிச்சம் இருந்தவர்கள் நோயாளிகளாகத் தோட்டத்துக்குத் திரும்பியபோதுதான் இந்தியாவிலிருந்து அந்த டாக்டர்கள் போனார்கள். சீனாவுக்குப் போனது அந்நியருக்குச் செய்த உதவி என்றால், மலாயாவுக்குப் போனது நம் கரையிலிருந்து கப்பல் ஏறிப்போன சனங்களைத் தேடிப் போன உதவி.

நம் மாவட்டத்துச் சனம் கப்பல் ஏறின இடம் எது? இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்கள் மண்டபம் கேம்ப் வழியாகப் போனார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசு நடத்திய முகாம் அது. பிளேக், காலரா இல்லை என்று பார்த்து, அடைத்து வைத்து, பிறகு ரயிலேற்றுவார்கள். 1914ல் பாம்பன் பாலம் திறந்த பிறகு தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு அவர்களின் பேரப்பிள்ளைகள் அதே மண்டபத்தில் திரும்பி வந்து இறங்கினார்கள். 1983க்குப் பிறகு அதே இடம் அகதி முகாம். ஒரே கேம்ப், மூன்று தலைமுறை.

திரும்பி வராமல் அங்கேயே இருந்த மலையகத் தமிழர்களில் பலர் 1977 கலவரத்தில் அடிபட்டு வவுனியாப் பக்கம் இடம்பெயர்ந்தார்கள். அவர்களைக் குடியமர்த்தக் 'காந்தியம்' என்ற அமைப்பு வேலை செய்தது. நடத்தியவர்கள் இருவர், டாக்டர் ராஜசுந்தரமும் கட்டடக் கலைஞர் எஸ்.ஏ. டேவிட்டும். டேவிட் கென்யாவில் வேலை பார்த்துச் சம்பாதித்த பணத்தை இந்த மாதிரி வேலையில் போட்டவர். வெளிநாடு போய்த் தொண்டு செய்வதற்கு இது நேர்மாறு: வெளிநாடு போய்ச் சம்பாதித்து, ஊருக்கு வந்து தொண்டு. நடைமுறையில் நம்மவர்களுக்கு அதிகம் கைவந்த வழி இதுதான் என்பது என் எண்ணம். 1983ல் இருவரையும் கைது செய்தார்கள். ஜூலை மாதம் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் ராஜசுந்தரம் கொல்லப்பட்டார். டேவிட் மட்டக்களப்புச் சிறையிலிருந்து தப்பித் தமிழ்நாடு வந்து சேர்ந்தார், அகதியாக.

1984ல் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் தமிழ்நாட்டில் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தைத் தொடங்கினார். அதன் விசேஷம், அகதிகளே அகதிகளுக்கு வேலை செய்தது. முகாமில் இருக்கிற பெண்களுக்கே சுகாதாரப் பயிற்சி, முகாமில் படித்த பிள்ளைகளே ஆசிரியர்கள். கப்பல் காசு தேவைப்படவில்லை, ஏற்கெனவே படகுக்காரனுக்குக் கொடுத்துவிட்டுத்தானே வந்திருந்தார்கள்!

2008–09ல் நடந்ததையும் சொல்லணும். வன்னியில் போர் உச்சத்தில் இருந்தபோது இந்தக் கரையில் நர்சுகளும் டாக்டர்களும் இல்லாமல் இல்லை, படகும் இருந்தது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் ஏறக்குறைய 30 கிலோமீட்டர். ஆனால் 2008 செப்டம்பரில் சர்வதேச நிறுவனங்களையே வன்னியை விட்டு வெளியேறச் சொல்லிவிட்டது இலங்கை அரசு. 2009 மார்ச்சில் இந்திய அரசின் மருத்துவக் குழு புல்மோட்டையில் இறங்கியது. அது அரசுக்கும் அரசுக்கும் நடந்த ஏற்பாடு. தனி ஆளாகப் போக ஒரு வழியும் கிடையாது. 1938ல் ரணேன் சென்னுக்கு ஆனதுதான் இங்கே ஒரு கடற்கரை முழுவதுக்கும் ஆனது.

இனி இன்றைய கதை. எங்க தெருவில் ஒரு பெண், நர்சிங் முடித்து மூன்று வருடம் ஐ.சி.யூ.வில் வேலை பார்த்தவள், போன மாதம் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். "அண்ணே, இதுல சேரலாமா?" ஒரு கம்பெனி, பேர் வேண்டாம். ஆப்பிரிக்காவில் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு வாரம் சேவை. அதற்கு அவள்தான் பணம் கட்டணும், அவளுடைய நாலு மாதச் சம்பளம். டிக்கெட் தனி. மூன்று வருட அனுபவம் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. "இதுல எங்க தங்கச்சி உன் படிப்புக்கு வேலை?" என்றேன். அவளுக்கும் அதே சந்தேகம் இருந்திருக்கிறது.

காசு கேட்கிறவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்லமாட்டேன். அவர்கள் விற்பது ஒரு பயணம், வசதி இருந்தால் போகலாம். ஆனால் காப்பக விஷயம் ஆபத்து. கம்போடியாவிலும் நேபாளத்திலும் வருகிற விருந்தாளிகளின் காசுக்காகவே காப்பகங்கள் பெருகி, அப்பா அம்மா இருக்கிற பிள்ளைகளைக்கூட அநாதை என்று காட்டி வைத்திருந்தது வெளிவந்து நாளாச்சு.

தொழில் தெரிந்தவர்களுக்கு வேறு கதவுகள் உண்டு. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1971லிருந்து நடக்கிறது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். விண்ணப்பத்துக்குக் காசு கிடையாது. தேர்வானால் மாதாமாதம் வாழ்க்கைப்படி, பயணச் செலவு, காப்பீடு எல்லாம் அவர்களே தருவார்கள். அதே 1971ல் பாரிஸில் தொடங்கிய எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நர்சுகளையும் லேப் ஆட்களையும் கணக்கர்களையும்கூட எடுக்கிறது. சம்பளம் உண்டு, விமானச் செலவு அவர்களுடையது. கேட்பது அனுபவமும் மொழியும். ஆங்கிலம் கட்டாயம், பிரெஞ்சு தெரிந்தால் மதிப்பு கூடும். போட்டி கடுமை, ஒரு வருடம் காத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

சில்லறைச் செலவு நம் கையிலிருந்துதான். பாஸ்போர்ட், போலீஸ் சான்று, நர்சிங் கவுன்சில் சான்று, ஆப்பிரிக்கா பக்கம் என்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டால் ஆயுளுக்கும் செல்லும். பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். என்று இருந்தால் அது நம்ம ஊர் வழியாகப் போகிற ரோடு இல்லை, குடியகல்வுச் சோதனை தேவை என்று அர்த்தம். பத்தாம் வகுப்புத் தேறிய சான்றைக் காட்டினால் அது இருக்காது. சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது, சம்பளம் இல்லாத வேலையானாலும், பல நாடுகளில் குற்றம்.

பெரிய செலவு இதிலெல்லாம் இல்லை. அந்தப் பெண்ணின் சம்பளத்தில்தான் தம்பி படிக்கிறான், நகைக் கடனுக்கு வட்டி போகிறது. ஆறு மாதம் அவள் இல்லையென்றால் அதை யார் கட்டுவது? படி கொடுக்கிற அமைப்புகளும் அந்த இடத்தை முழுசாக அடைப்பதில்லை. யாழ்ப்பாணத்து மாணவர்கள் தொண்டிக்கு அனுப்பிய ஊழியர்களின் குடும்பச் செலவையும் சேர்த்துத்தான் பணம் திரட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலை நடந்திருக்காது. இப்போது நம்மிடம் ஜமாத்தும் சபையும் கோயில் கமிட்டியும் வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களும் இருக்கின்றன. திருவிழாவுக்கு ஒரு வாரத்தில் லட்சக்கணக்கில் சேர்க்கிறோம். ஒரு நர்சை ஆறு மாதம் அனுப்ப, அவள் வீட்டுக் கடனை அதுவரை தாங்க, யாரும் இதுவரை உண்டியல் வைக்கவில்லை.

2023 அக்டோபர் 14ம் தேதி நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் மறுபடி கப்பல் ஓடத் தொடங்கியது. உப்பூரிலிருந்து பஸ் பிடித்து நாகப்பட்டினம் போகணும். நமக்குப் பக்கத்தில் இருந்த தனுஷ்கோடி வழி 1964 புயலோடு போனது. இராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குப் போன கப்பலும் 1980களில் போர் தொடங்கியபோது நின்றது. அது இன்னும் வரவில்லை.