இருகோற் குறியும் நாஞ்சில் நாட்டு மனை வகுப்பும்

பத்துப்பாட்டுள் ஏழாவதாக வைத்து எண்ணப்பெறும் நெடுநல்வாடையில், பாண்டியன் கோயிலுக்கு மனை வகுத்த முறையை நக்கீரர் சில அடிகளிற் சுருங்கக் கூறிச் செல்கின்றார். ஞாயிறு உச்சியில் நிற்க, நட்ட இரண்டு கோல்களின் நிழற்குறி பிழையாதிருக்க, நூல் வல்லார் நுட்பமாகக் கயிறு பிடித்துத் திசைகளைக் கொண்டு, தெய்வத்தை வணங்கி, மன்னர்க்கு ஏற்ற மனையைப் பகுத்தனர் என்பது அவ்வடிகளின் திரண்ட பொருளாகும். இப்பகுதியைப் பழந்தமிழர் கட்டடக் கலைக்குச் சான்றாகப் பலரும் காட்டியுள்ளனர். ஆயினும் இதன் உரையில் உள்ள ஒரு செய்தி போதிய அளவு ஆராயப்படவில்லை என்பது எம் கருத்து. அதனையே ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

உரைகண்ட நச்சினார்க்கினியர், ஞாயிறு ஒரு பக்கமும் சாயாத அந்த நண்பகல் எந்நாளினது என்பதையும் வரையறுக்கின்றார். சித்திரைத் திங்களின் நடுப் பத்து நாள்களுள் ஒரு நாளில், பதினைந்தாம் நாழிகையில் என்பது அவர் தரும் விளக்கம். மூலத்தில் திங்களின் பெயர் இல்லை. அரைநாள் என்னும் பொழுது மட்டுமே உண்டு. அங்ஙனமாயின் சித்திரை எங்கிருந்து வந்தது?

நண்பகலில் ஞாயிறு கிழக்கும் மேற்கும் சாராது நிற்றல் எல்லா நாளுக்கும் பொது. வடக்கும் தெற்கும்கூடச் சாராது நேர் உச்சியில் நிற்றலோ ஓர் ஊருக்கு ஆண்டில் இருமுறையே நிகழ்வது. உரையாசிரியர் இவ்விரண்டாம் பொருளையே கொண்டார் என்பது தெளிவு. மதுரையில் அவ்வாறு நிழல் அடியில் ஒடுங்கும் நாள் இக்காலத்தில் ஏப்ரல் 15, 16 அளவில் வருகின்றது. அஃதாவது சித்திரை 2 அல்லது 3. நடுப் பத்து நாள்களில் ஞாயிறு மதுரையின் உச்சியைக் கடந்து வடக்கே ஏறத்தாழ மூன்று முதல் ஆறு பாகை வரை விலகிவிடும். இதனைக் கண்டு உரையாசிரியர் பிழைபட்டார் எனக் கொள்வது அவசர முடிபாகும். நம் மரபுப் பஞ்சாங்கத்தின் ஆண்டு, பருவ ஆண்டினும் சிறிது நீண்டது. அதனால் ஏறத்தாழ அறுபது ஆண்டுக்கு ஒரு நாளாகச் சித்திரை முதல் நாள் பருவத்திற் பின்தள்ளிக்கொண்டே வருகின்றது. நச்சினார்க்கினியர் 14-ஆம் நூற்றாண்டினர் என்பது பெரும்பாலோர் கொள்கை. அவர் காலத்திற்குப் பின்னோக்கிக் கணக்கிட்டால், மதுரையின் நிழலற்ற நாள் சித்திரை 11-க்கும் 14-க்கும் இடையே விழுகின்றது. நடுப் பத்தின் தொடக்கம் அதுவே!

ஆகவே இக்குறிப்பு ஏட்டில் இருந்ததை எடுத்தெழுதியது அன்று. அக்காலத் தச்சர் நடுமுற்றத்தில் கண்ட வழக்கு என்று யாம் கருதுகின்றோம். ஆனால் அதே காரணத்தால் அது நக்கீரர் காலத்துக்குப் பொருந்தாது. சங்க காலத்திற்குச் சென்றால் அந்நாள் சித்திரையின் இறுதிக்குத் தள்ளிவிடும். உரையின் திங்களை மூலத்தின்மேல் ஏற்றி, சங்கத் தமிழர் சித்திரை நடுவில் மனை கோலினர் என எழுதுவோர் இதனை எண்ணுதல் வேண்டும்.

மனை வகுக்க நிழலற்ற நாளைக் காத்திருத்தல் இன்றியமையாததும் அன்று. மயமதம், மானசாரம் முதலிய சிற்ப நூல்கள் கூறும் முறை வேறு. சமன்செய்த நிலத்தில் ஒரு முளையை நட்டு, அதனைச் சுற்றி வட்டமிட்டு, முற்பகலில் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும் பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து, இரண்டையும் கயிற்றால் இணைத்தால் கிழக்கு மேற்குக் கோடு கிடைக்கும். அவ்விரு புள்ளிகளிலிருந்தும் வில்வரைந்து, அவை வெட்டுமிடங்களை இணைத்தால் வடக்கு தெற்கு. இடைப்பொழுதில் ஞாயிறு சிறிது நகர்தலால் வரும் பிழைக்குத் திங்கள்தோறும் விரற்கணக்கில் திருத்தமும் சொல்லப்பட்டுள்ளது. இத்திருத்தத்தைக் கண்டபோது எமக்கு உண்டான வியப்பு பெரிது.

இனி நாஞ்சில் நாட்டுக்கு வருவோம். பத்மனாபபுரத்து மர அரண்மனையைக் கட்டிய தச்சர் மரபு சேரநாட்டு மரபோடு ஒன்றியது. 24 விரல் கொண்டது ஒரு கோல். அது ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். இன்றும் இப்பக்கத்துக் கொத்தனார் வானம் தோண்டுமுன் முளையடித்து நூல் பிடிக்கின்றனர். மூலை சரியோ என்பதை மூன்று, நான்கு, ஐந்து என்னும் அளவால் கயிற்றிலேயே பார்த்துக்கொள்கின்றனர். சுவருக்குத் தூக்குக்குண்டு, படுக்கைக்கு ரசமட்டம். தொலைவில் உள்ள இரண்டு மூலைகளை ஒப்பிடத் தண்ணீர் நிறைத்த கண்ணாடிக் குழாய். நெடுநல்வாடை மட்டம் பற்றிப் பேசவில்லை. தச்சருக்கு அது தெரியாது என்பது அதன் பொருளன்று. புலவர்க்கு வேண்டியது திசையும் தெய்வமும்.

மட்டத்தின் அருமையை அறிய மாத்தூர்த் தொட்டிப்பாலத்தைக் காண வேண்டும். 1960-களில் எழுந்த அப்பாலம் பறளியாற்றின் பள்ளத்தாக்கைத் தாண்டி, ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குப் பாசன நீரைக் கொண்டு செல்கின்றது. நீளம் 1,240 அடி, உயரம் 115 அடி, தூண்கள் 28. நீர் தானே ஓட வேண்டுமாதலின் ஒவ்வொரு தூணின் தலையும் முன்னதினும் மிகச் சிறிதளவே தாழ்தல் வேண்டும். கண்ணால் இதனைக் கணிக்க இயலாது. மட்டக்கருவியின் குமிழை நடுவில் நிறுத்தி, தொலைநோக்கியின் வழியே அளவுக்கோலைப் படித்து, இரு அளவுகளின் வேறுபாட்டைக் கணக்கிட்டே தூண்தலைகளின் உயரத்தைக் குறிப்பர்.

பெருங்கருவிகள் இந்நாட்டுக்கு முன்னரே வந்தன. வில்லியம் லாம்டன் 1802-இல் சென்னையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெருநில அளவை, 1809-இல் குமரிமுனையை அடுத்த புன்னை என்னும் நிலையத்தை எட்டியது. அதற்கு முந்தைய ஆண்டில் தஞ்சைக் கோயிலின் உயரத்தில் ஏற்றும்போது அவருடைய பெரிய தியோடலைட்டு மோதிப் பழுதுற்றதும், அவரே அதனைச் சீர்செய்துகொண்டதும் அறிஞர் அறிந்தவை. மலைக்கு மலை தொலைநோக்கி பிடித்த அவ்வளவையும் இறுதியில் இரண்டு குறிகளை ஒரு நேரில் நிறுத்துதலே. இன்றைய அளவையர் நிலத்தில் நடும் செவ்வெள்ளைக் கோல்களைக் காணும்போதெல்லாம் எமக்கு நெடுநல்வாடையின் இருகோல் நினைவுக்கு வருகின்றது.

உரையாசிரியர் கூற்றை மாணவர் தாமே சோதித்துப் பார்க்கலாம். நாகர்கோவிலில் நிழலற்ற நாள் மதுரைக்கு நான்கைந்து நாள் முந்தியது. ஏப்ரல் 11-ஐ ஒட்டி, பங்குனி இறுதியில் வரும். அன்று உச்சிப்பொழுதுக்கு ஒரு மணி முன்னர் நட்ட கோலின் நிழல், நேர்மேற்கிலிருந்து ஏறத்தாழ ஒரு பாகையே விலகி நிற்கும். பின்னர் அடியில் ஒடுங்கி, கிழக்கே அதே கோட்டில் நீளும். கிழக்கு மேற்காகக் கயிறு பிடித்து இரண்டாவது கோலையும் நட்டால், இரு நிழல்களும் அக்கயிற்றின்மேல் ஓடுவதைக் காணலாம்.