அண்டர்சனின் பதக்கமும் சயாமுக்குப் போனவர்களும்

நீலாய் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த என் தலைமுறைக்கு, ஜப்பான்காரன் காலம் என்றால் இரண்டு கதைகள்தான். ஒன்று, அவன் சைக்கிளில் வந்து சேர்ந்தது. இன்னொன்று, சயாமுக்குப் போனவங்க திரும்பி வராதது. சார்ல்ஸ் அண்டர்சன் என்ற வெள்ளைக்கார அதிகாரியை நம் பெரியவர்கள் யாரும் அறிந்ததில்லை. ஆனால் அந்த இரண்டு கதைகளுக்குள்ளும் அவர் இருந்திருக்கிறார்.

1897இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் பிறந்து, கென்யாவில் வளர்ந்தவர். முதல் உலகப் போரின்போது, 1916இல், ‘கிங்ஸ் ஆப்பிரிக்கன் ரைஃபிள்ஸ்’ படையில் அதிகாரியாகச் சேர்ந்து, ஜெர்மானியக் கிழக்கு ஆப்பிரிக்காவில் போரிட்டு ‘மிலிட்டரி கிராஸ்’ பெற்றார். இரு தரப்பிலும் கறுப்பினச் சிப்பாய்கள் புதர்க்காட்டுக்குள் மோதிக்கொண்ட போர் அது. காட்டில் எப்படிச் சண்டையிடுவது என்பதை அண்டர்சன் அங்கேதான் கற்றார். 1934இல் ஆஸ்திரேலியாவில் குடியேறி ஆடுமாடு வளர்க்கும் பண்ணைக்காரரானார். அடுத்த போர் அவரை 2/19ஆம் பட்டாளத்தோடு மலாயாவுக்குக் கொண்டுவந்தது; அங்கே லெப்டினன்ட் கர்னலாகி அதன் தலைவரானார்.

1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. ஜப்பானியப் படையின் ஒரு பகுதி நம் நெகிரி செம்பிலான் வழியாகவே தெற்கே இறங்கியது. 14ஆம் தேதி கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியர்கள் பதுங்கியிருந்து அதைத் தாக்கினார்கள். இன்னொரு பகுதி கடலோரமாக மூவாருக்குப் போனது. மூவாரைக் காத்து நின்றது 45ஆவது இந்தியப் படைப்பிரிவு. மத்தியக் கிழக்குக்கு அனுப்பத் திரட்டப்பட்டு, அந்த ஜனவரித் தொடக்கத்தில்தான் சிங்கப்பூரில் இறங்கியிருந்தது. அதில் பலர் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத பையன்கள். அந்தப் பிரிவு ஓடிப்போச்சு என்று எழுதுகிறவர்கள் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

உதவிக்குப் போன அண்டர்சன் பக்ரியில் நின்றார். 19ஆம் தேதி இந்தியப் படைப்பிரிவின் தலைமையகத்தில் குண்டு விழுந்ததும், எஞ்சிய எல்லோருக்கும் அவரே தலைவரானார். காயம்பட்டவர்களை லாரிகளில் ஏற்றிக்கொண்டு யோங் பெங் நோக்கிப் பின்வாங்கினார்கள். வழியெல்லாம் சாலைத் தடைகள், இருபுறமும் ரப்பர் மரங்கள், சதுப்பு. ஒரு தடையில் அவரே முன்னால் போய்க் கையெறி குண்டு வீசி இரண்டு இயந்திரத் துப்பாக்கிகளை அடக்கினார்.

பாரிட் சூலோங் பாலம் எதிரியின் கையில் இருந்தது. காயம்பட்டவர்களையாவது போக விடுங்கள் என்று கேட்டார். எல்லோரும் சரணடைந்தால் சரி என்று பதில் வந்தது. மறுத்துவிட்டார். 22ஆம் தேதி காலை பீரங்கிகளையும் வண்டிகளையும் அழித்துவிட்டு, நடக்க முடிந்தவர்களைக் காட்டுக்குள் போகச் சொன்னார். சுமார் 900 பேர் தப்பிச் சேர்ந்தார்கள். நடக்க முடியாதவர்கள் அங்கேயே விடப்பட்டார்கள். சுமார் 110 ஆஸ்திரேலியர்கள், 40 இந்தியர்கள். ஜப்பானியர்கள் அவர்களைக் கொன்று, பெட்ரோல் ஊற்றி எரித்தார்கள்.

பிப்ரவரி 13ஆம் தேதி அண்டர்சனுக்கு விக்டோரியா சிலுவை அறிவிக்கப்பட்டது. இரண்டு நாளில் சிங்கப்பூர் சரணடைந்தது. வீரத்தைப் பற்றி யோசிக்கும்போது அந்தக் கையெறி குண்டுகளைவிட 22ஆம் தேதி காலையே எனக்கு அதிகம் நினைவுக்கு வருகிறது. 900 பேரைக் காப்பாற்ற 150 பேரை விட்டுப் போகும் முடிவு. அதற்குப் பதக்கம் கிடையாது. சாகும்வரை அதைச் சுமந்துதான் ஆக வேண்டும்.

கைதியான அண்டர்சன் பர்மா–சயாம் ரயில் பாதைக்கு அனுப்பப்பட்டு, ஆஸ்திரேலியக் கைதிகளின் ஒரு பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தார். 415 கிலோமீட்டர் பாதை அது, 1943 அக்டோபரில் முடிந்தது. இங்கேதான் அவர் கதை நம் கதையோடு சேர்கிறது. போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று, தோட்டங்களில் வேலையும் அரிசியும் இல்லாமல் போனது. நாளுக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாதத்தில் திரும்பிடலாம் என்று சொல்லி ஆள் சேர்த்தார்கள். போனவர்கள் திரும்பாதது தெரிந்ததும் யாரும் வரவில்லை. அப்புறம் பிடித்துக்கொண்டே போனார்கள்.

அந்தப் பாதையில் வேலை செய்த சுமார் 60,000 போர்க்கைதிகளில் ஐந்தில் ஒருவர் இறந்தார். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் ஏறக்குறைய பாதிப் பேர் என்று சொல்லும் மதிப்பீடுகள் உண்டு. மழை, காலரா, அடி, பட்டினி இரு தரப்புக்கும் ஒன்றுதான். கைதிகளுக்கு அவர்களுடைய சொந்த மருத்துவர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி என்று கட்டளையிட அதிகாரிகள் இருந்தார்கள். செத்தவன் பெயரை எழுதிவைக்க ஆள் இருந்தது. குடும்பத்தோடு போன நம் தோட்டத்து ஆட்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

வீரத்துக்கும் சாட்சி தேவைப்படுகிறது. சிலுவை பெற, பார்த்தவன் சொல்ல வேண்டும், மேலதிகாரி எழுத வேண்டும், அரசிதழ் அச்சிட வேண்டும். பாரிட் சூலோங் படுகொலைக்குக்கூட உயிர் தப்பிய ஒருவர் சாட்சி சொன்னார். ஜப்பானியத் தளபதி நிஷிமுரா 1951இல் தூக்கிலிடப்பட்டார். கல்லறை இல்லாத இந்தியச் சிப்பாய்களின் பெயர்கள் சிங்கப்பூரின் கிராஞ்சி நினைவிடச் சுவரில் உள்ளன. காலரா கொட்டகையில் பக்கத்துக் குடும்பத்துக் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டுத் தானும் செத்த பெண் ஒருத்தி இருந்திருக்க மாட்டாளா? அவளைப் பற்றி அறிக்கை எழுத யார் இருந்தார்கள்? அந்த வேலையை ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ போன்ற நாவல்கள்தான் பின்னாளில் செய்ய வேண்டியிருந்தது.

ஊர் திரும்பிய அண்டர்சன் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்து, 1988 நவம்பர் 11இல் காலமானார். முதல் உலகப் போர் ஓய்ந்த அதே தேதி. அவருக்குக் கிடைத்த மரியாதையில் எனக்குக் குறை எதுவும் இல்லை. பெரட்டுக் களத்தில் தினமும் விடிகாலையில் கிராணி பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஆட்கள்தான் சயாமுக்குப் போனார்கள். அந்தப் பெயர்களைக் கல்லில் எழுத மட்டும் யாரும் வரவில்லை.