குறிஞ்சிக்கு வைத்த பெயர்

நம் மாயவரம் மருத நிலம். குறிஞ்சி நமக்குப் பாடப்புத்தகத்துப் பூதான். காரைக்காலில் பிரெஞ்சில் படித்த எனக்கு அதுவும் இல்லை. பின்னாளில் அதன் தாவரவியல் பெயர் 'ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா' என்று படித்ததும், குந்திதேவி என்றே நினைத்துவிட்டேன்! அவர் குந்த் என்ற ஜெர்மானியர். 1813 முதல் பாரிசில் இருந்து, ஹம்போல்ட் கொண்டுவந்த அமெரிக்கச் செடிகளை ஆராய்ந்தவர். சங்கப் புலவர்கள் பாடிய பூவுக்கு அவர் பெயர்!

மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் இந்தப் புதர், சோலைக்காட்டை ஒட்டிய புல்வெளிகளில் 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதைத்து, மடியும். பளியர்கள் இதை வைத்தே வயதைக் கணக்கிடுவார்கள் என்பார்கள். அப்படியானால் எனக்கு ஆறு குறிஞ்சி தாண்டிவிட்டது.

1994இல் லீவு கிடைக்கவில்லை. 2006இல் மகள் கல்யாணம். 2018இல்தான் கொடைக்கானலில் பார்த்தேன். மனைவிக்கு அப்போது கண் ஆபரேஷன், வர முடியவில்லை. 2030இல் அவளை அழைத்துப் போக வேண்டும்.