ஒலிக்கருவிகளில் செயல்பாட்டு மிகைப்பிகளை மாற்றுதல்

செயல்பாட்டு மிகைப்பி மாற்றம் என்பது, வீட்டு ஒலிக்கருவி ஒன்றில் ஏற்கெனவே உள்ள செயல்பாட்டு மிகைப்பித் தொகுசுற்றை அகற்றிவிட்டு, அதே கால் அமைப்புக் கொண்ட வேறொரு வகையை அவ்விடத்தில் பொருத்துவதாகும். முன்மிகைப்பி, குறுந்தட்டு இயக்கி, ஹெட்போன் மிகைப்பி, கணினி ஒலி அட்டை போன்றவற்றின் ஒலித்தரத்தை உயர்த்தும் நோக்கில் ஆர்வலர்கள் இதனைச் செய்கின்றனர். பாடநூல்களில் செயல்பாட்டுப் பெருக்கி என்றும், கடைகளில் ஆப்-ஆம்ப் என்றும் அழைக்கப்படுவது இதுவே.

விலை உயர்ந்த மிகைப்பி எந்தச் சுற்றிலும் மலிவானதைவிட நன்றாக இயங்கும் என்பது பரவலான எண்ணம். இது சரியன்று. ஒரு மிகைப்பி எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதை அதனைச் சூழ்ந்துள்ள மின்தடையங்களும் மின்வழங்கியும் பெருமளவு தீர்மானிக்கின்றன. பொருத்தமற்ற மாற்றம் இரைச்சலைக் கூட்டலாம். சில வேளைகளில் ஒலிபெருக்கியையே பழுதாக்கலாம்.

பின்னணி

செயல்பாட்டு மிகைப்பி முதலில் ஒப்புமைக் கணினிகளில் கூட்டல், தொகையிடல் முதலிய கணிதச் செயல்களுக்காக உருவானது; பெயரும் அதனால் வந்ததே. ஃபேர்சைல்டு நிறுவனத்தில் பாப் விட்லர் வடிவமைத்த 709 என்னும் தொகுசுற்று 1965 இலும், டேவ் ஃபுல்லாகர் வடிவமைத்த 741 என்பது 1968 இலும் வெளிவந்தன. இவை ஒலிக்கென உருவாக்கப்பட்டவை அல்ல. 741 இன் வெளியீட்டு மின்னழுத்தம் ஒரு மைக்ரோநொடிக்கு 0.5 வோல்ட் அளவே மாறக்கூடியது. 20 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் 10 வோல்ட் உச்சமுள்ள சைன் அலையைத் தர மைக்ரோநொடிக்கு ஏறத்தாழ 1.26 வோல்ட் வேகம் தேவை. ஆகவே 741 பெரிய அலைகளை முக்கோண வடிவாகத் திரித்தது. தொகுசுற்று மிகைப்பிகள் ஒலிக்கு உதவா என்ற அவப்பெயருக்கு இதுவும் ஒரு காரணம்.

1970களின் பிற்பகுதியில் இந்நிலை மாறியது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிஎல்072, சிக்னெட்டிக்ஸின் என்ஈ5532 ஆகியவற்றின் மாறுவேகம் முறையே 13, 9 வோல்ட் ஆகும். குறுந்தட்டு இயக்கியின் வழக்கமான 2 வோல்ட் வெளியீட்டுக்கு 20 கிலோஹெர்ட்ஸில் தேவைப்படுவது 0.36 வோல்ட் மட்டுமே. எனவே விளம்பரங்களில் காணப்படும் நூற்றுக்கணக்கான வோல்ட் வேகத்தால் இத்தகைய சுற்றுக்குப் பயன் ஏதும் இல்லை எனலாம். 5532 இன்றும் எண்ணற்ற ஒலிப்பதிவுக் கலவை மேசைகளில் உள்ளது. பதிவாகும்போதே பல முறை அதன் வழியே சென்று வந்த இசையை, வீட்டில் மேலும் ஒரு 5532 கெடுத்துவிடும் என்று அஞ்சுவதற்கு இடமில்லை.

இரைச்சல்

மாற்றத்துக்கு மிகுதியாகக் கூறப்படும் காரணம் இரைச்சல் குறையும் என்பது. தரவுத்தாள்களில் இரைச்சல் மின்னழுத்தம் நானோவோல்ட்/√ஹெர்ட்ஸ் என்ற அலகில் தரப்படுகிறது. டிஎல்072 க்கு இது 18, ஓபிஏ2134 க்கு 8, என்ஈ5532 க்கு 5, எல்எம்4562 க்கு 2.7. இவ்வெண்களை மட்டும் நோக்கினால் கடைசியாகக் கூறியதே சிறந்தது என்று தோன்றும்.

ஆனால் இன்னும் இரண்டு இரைச்சல்கள் உள்ளன. ஒன்று, மின்தடையங்களின் வெப்ப இரைச்சல். 1 கிலோ ஓம் மின்தடையம் ஏறத்தாழ 4 நானோவோல்ட் இரைச்சலைத் தருகிறது. மின்தடை நான்கு மடங்கானால் இரைச்சல் இரு மடங்காகும். மற்றொன்று, மிகைப்பியின் உள்ளீட்டு இரைச்சல் மின்னோட்டம். அது சமிக்ஞை மூலத்தின் மின்தடை வழியே பாயும்போது மின்னழுத்தமாக மாறுகிறது. உள்ளீட்டில் புல விளைவுத் திரிதடையம் கொண்ட டிஎல்072, ஓபிஏ2134 ஆகியவற்றில் இம்மின்னோட்டம் புறக்கணிக்கத்தக்கது. இருமுனைத் திரிதடையம் கொண்ட என்ஈ5532 இல் 0.7, எல்எம்4562 இல் 1.6 பிகோஆம்பியர்/√ஹெர்ட்ஸ் உள்ளது. இம்மூன்று இரைச்சல்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் கண்டால் மொத்தம் கிடைக்கும்.

100 கிலோ ஓம் ஒலியளவுக் குமிழ் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். அதன் நகரும் முனை மின்தடையின் நடுவில் இருக்கும்போது மிகைப்பி காணும் மூல மின்தடை 25 கிலோ ஓம். அதன் வெப்ப இரைச்சல் மட்டுமே 20 நானோவோல்ட். கணக்கிட்டால் டிஎல்072 உடன் மொத்தம் 27. என்ஈ5532 உடனும் 27. ஓபிஏ2134 உடன் 22. எல்எம்4562 உடன் மொத்தம் 45 ஆகிறது. அதாவது தரவுத்தாளில் மிக அமைதியானது இங்கே பழைய மலிவான மிகைப்பியைவிட 4 டெசிபெல்லுக்கு மேல் இரைச்சலிடுகிறது. மூல மின்தடை 1 கிலோ ஓம் மட்டும் உள்ள சுற்றில் நிலைமை தலைகீழாகும்: டிஎல்072 உடன் 18.5, ஓபிஏ2134 உடன் 9, என்ஈ5532 உடன் 6.5, எல்எம்4562 உடன் ஏறத்தாழ 5 நானோவோல்ட்.

எனவே மிகைப்பியைத் தேர்வதற்கு முன் சுற்றுப்படத்தில் அதன் உள்ளீட்டைச் சுற்றியுள்ள மின்தடைகளைப் பார்ப்பது முதல் வேலை. நகரும் காந்த வகை இசைத்தட்டு ஊசித்தலையைப் பெறும் சுற்றுகளில் இது இன்னும் நுட்பமானது. அரை ஹென்றி மின்தூண்டல் கொண்ட ஊசித்தலையின் மின்மறுப்பு 10 கிலோஹெர்ட்ஸில் 31 கிலோ ஓம் வரை உயர்கிறது.

உள்ளீட்டு மின்னோட்டம்

இருமுனை உள்ளீடுள்ள மிகைப்பிகளின் உள்ளீட்டில் சிறிய நேர் மின்னோட்டம் ஒன்று எப்போதும் பாய்கிறது. என்ஈ5532 இல் இது வழக்கமாக 200 நானோஆம்பியர். மேலே கூறிய 25 கிலோ ஓம் மூலத்தில் இது 5 மில்லிவோல்ட்டை உண்டாக்கும். குமிழைத் திருப்புகையில் இம்மின்னழுத்தம் மாறுவதால் கரகரவென்ற ஒலி எழும். மாற்றத்துக்குப் பின் குமிழ் தேய்ந்துவிட்டது என்று கருதி அதனையும் மாற்றுவோர் உண்டு. குறை குமிழில் இருக்காது.

டிஎல்072 க்கென வடிவமைத்த சுற்றில் உள்ளீட்டு மின்தடையம் 1 மெகா ஓம் என்று இருந்தால் நிலைமை கடுமையாகும். அதில் என்ஈ5532 ஐப் பொருத்தினால் 0.2 வோல்ட் நேர் மின்னழுத்தம் தோன்றும். அடுத்துள்ள திறன் மிகைப்பியில் தடுப்பு மின்தேக்கி இல்லையெனில், 25 மடங்கு பெருக்கத்தில் அது 5 வோல்ட்டாகி ஒலிபெருக்கியை அடையும். 6 ஓம் கம்பிச்சுருளில் இது 4 வாட்டுக்கு மேல் தொடர்ந்து வெப்பமாகும்; கூம்பும் தன் நடுநிலையிலிருந்து விலகி நிற்கும். இதனால்தான் எந்த மாற்றத்துக்குப் பின்னும், ஒலிபெருக்கியை இணைக்காமல், வெளியீட்டின் நேர் மின்னழுத்தத்தைப் பன்னளவிமானியால் அளக்க வேண்டும். சில மில்லிவோல்ட் இயல்பானது. நூறு மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால் இணைக்கலாகாது.

அலைவு

வேகமான மிகைப்பிகள் தளவமைப்புக் குறைகளைப் பொறுத்துக்கொள்வதில்லை. 4558 போன்ற 3 மெகாஹெர்ட்ஸ் மிகைப்பிக்காக வரையப்பட்ட பழைய ஒற்றைப்பக்க அச்சுச்சுற்றுப் பலகையில், மின்வழங்கற் பாதைகள் நீண்டும் மெலிந்தும் இருக்கும். அங்கே 55 மெகாஹெர்ட்ஸ் மிகைப்பு-பட்டையகலம் கொண்ட எல்எம்4562 ஐப் பொருத்தினால் அது தானாகவே சில மெகாஹெர்ட்ஸில் அலையத் தொடங்கக்கூடும். அந்த அலைவு காதுக்குக் கேட்காது. ஆனால் இசையில் திரிபு கூடும்; தொகுசுற்று வழக்கத்தை மீறிச் சூடாகும். புதிய மிகைப்பி ஒலியைக் 'கூர்மையாக்கிவிட்டது' என்ற வருணனைகளுக்குப் பின்னால் இவ்வலைவு இருப்பதும் உண்டு. இதனை உறுதிசெய்ய அலைவுகாட்டி தேவை. விரல் வைத்துச் சூடு பார்ப்பது முதற்கட்ட எச்சரிக்கை மட்டுமே.

மின்வழங்கற் கால்களுக்கு மிக அருகில் 100 நானோஃபாரடு பீங்கான் மின்தேக்கிகளைப் பற்றவைப்பது வழக்கமான தீர்வு. வெளியீட்டுக்கும் வடத்துக்கும் இடையே 47 முதல் 100 ஓம் வரையுள்ள மின்தடையம் இல்லையெனில் அதனையும் சேர்க்க வேண்டும். வடத்தின் மின்தேக்கமும் அலைவைத் தூண்டவல்லது.

சில வகைகள் குறைந்த பெருக்கத்தில் நிலைப்பதற்கென்று செய்யப்பட்டவையே அல்ல. ஓபிஏ637 ஐந்து மடங்குக்குக் குறைந்த பெருக்கத்தில் நிலையற்றது. அதன் இணையான ஓபிஏ627 ஒரு மடங்கிலும் நிலைக்கும். என்ஈ5534 க்கு வெளி மின்தேக்கி இல்லாதபோது குறைந்தது மூன்று மடங்கு பெருக்கம் வேண்டும்.

மின்வழங்கலும் கால்களும்

பழைய கருவிகளில் மிகைப்பிகளுக்கான மின்னழுத்தம் சீனர் இருமுனையம் ஒன்றாலும் ஒரு மின்தடையத்தாலும் பெறப்பட்டிருக்கலாம். 24 வோல்ட்டிலிருந்து 470 ஓம் வழியே 15 வோல்ட் பெறப்படுகிறது எனில், கிடைக்கும் மொத்த மின்னோட்டம் 19 மில்லிஆம்பியர். இரண்டு டிஎல்072 இணைந்து 6 மில்லிஆம்பியருக்கும் குறைவாகவே எடுக்கும். இரண்டு என்ஈ5532 16 எடுக்கும். இரண்டு எல்எம்4562 20 எடுப்பதால் சீனருக்கு ஒன்றும் எஞ்சாது. மின்னழுத்தம் சரிந்து, மின்வழங்கியின் இரைச்சல் உள்ளே நுழையும். தாங்கும் மின்னழுத்தத்தையும் பார்க்க வேண்டும். ஏடி8620 நேர், எதிர் 13 வோல்ட் வரைக்கே உரியது. 15 வோல்ட் சுற்றில் அதனைப் பொருத்தலாகாது.

எட்டுக்கால் இரட்டை மிகைப்பிகளின் கால் வரிசை அனைத்து நிறுவனங்களிலும் ஒன்றே. ஒற்றை மிகைப்பியின் வரிசை வேறு: அதன் நேர்மின் கால் 7, இரட்டையில் 8. ஒன்றுக்கு மற்றொன்று நேரடியாகப் பொருந்தாது. வெட்டுக்குறியைத் திருப்பிப் பொருத்தினால் மின்வழங்கல் தலைகீழாகித் தொகுசுற்று அழியும். பலகையின் செப்புப் பாதைகள் மீண்டும் மீண்டும் சூடாக்கினால் உரிந்துவிடும் என்பதால், முதல் முறையே சாக்கெட்டு ஒன்றைப் பற்றவைப்பது நல்லது.

முப்பது ஆண்டுகள் கடந்த கருவியில் மிகைப்பிக்கு முன் மின்பகு மின்தேக்கிகளைக் கவனிப்பது அறிவுடைமை. அவை உலர்ந்திருந்தால் எந்த மிகைப்பியாலும் பயனில்லை.

இரு எடுத்துக்காட்டுகள்

அஸுஸ் நிறுவனம் 2009 இல் வெளியிட்ட சோனார் எசென்ஸ் எஸ்டிஎக்ஸ் என்னும் ஒலி அட்டையில், பயனரே மாற்றிக்கொள்ளுமாறு சாக்கெட்டுகளில் மிகைப்பிகள் அமைக்கப்பட்டிருந்தன. எண்-ஒப்புமை மாற்றி தரும் மின்னோட்டத்தை மின்னழுத்தமாக்க இரண்டு ஜேஆர்சி2114 உம், அதன்பின் ஒரு எல்எம்4562 உம் இருந்தன. இத்தகைய மின்னோட்ட மாற்றுச் சுற்றில் மின்தடைகள் சிறியவை. மாற்றியிலிருந்து மிகை அதிர்வெண் கூறுகளும் வருகின்றன. ஆகையால் விரைவான இருமுனை மிகைப்பி இங்கே தகுதியானது. புல விளைவு உள்ளீட்டின் சிறப்பு இவ்விடத்தில் வீணாகும்.

2011 இல் வெளியிடப்பட்ட ஓ2 என்னும் ஹெட்போன் மிகைப்பி எதிர்த்திசையில் சென்ற முயற்சி. புனைபெயரில் எழுதிய அதன் வடிவமைப்பாளர், பெருக்கத்துக்கு மலிவான என்ஜேஎம்2068 ஐயும், வெளியீட்டுக்கு என்ஜேஎம்4556 ஐயும் அளவீடுகளின் அடிப்படையில் தேர்ந்தார். ஹெட்போனுக்குத் தேவை மின்னோட்டம். 4556 அதனைத் தரவல்லது. பெருக்கப் படிக்குப் பின்னரே ஒலியளவுக் குமிழ் வைக்கப்பட்டதால், குமிழைக் குறைக்கும்போது முற்படியின் இரைச்சலும் சேர்ந்து குறைந்தது. இங்கு பலன் தந்தது மிகைப்பியின் விலையன்று, அது இருக்கும் இடம்.

கேட்டு ஒப்பிடுதல்

தொகுசுற்றை மாற்றிக் கருவியை மீண்டும் இயக்கச் சில நிமிடங்கள் ஆகும். நுண்ணிய ஒலி வேறுபாடுகளை அவ்வளவு நேரம் நினைவில் நிறுத்துவது அரிது. ஒலியளவு சிறிது கூடினாலே தரம் உயர்ந்ததாகத் தோன்றும் என்பதும் அறியப்பட்டதே. முறையான ஒப்பீட்டுக்கு ஒரே வகைப் பலகைகள் இரண்டும், 0.1 டெசிபெல் அளவுக்குச் சமப்படுத்திய வெளியீடும், எது இயங்குகிறது என்று கேட்பவர் அறியாதவாறு மாற்றும் ஆளியும் தேவை. டேவிட் கிளார்க் 1982 இல் விளக்கிய ஏபிஎக்ஸ் ஒப்பீட்டுக் கருவி இவ்வகையினது. 16 முறையில் 12 அல்லது அதற்கு மேல் சரியாகச் சொல்வது வெறும் ஊகத்தால் நிகழும் வாய்ப்பு 4 விழுக்காட்டுக்கும் குறைவு. 9 முறை சரியாகச் சொல்வது எதனையும் நிறுவாது.

போலிகள்

ஓபிஏ627 போன்ற விலை உயர்ந்த வகைகளில் போலிகள் மிகுதி. மலிவான தொகுசுற்றின் மேற்பரப்பைத் தேய்த்து வேறு எண்ணை அச்சிடுவது வழக்கமான ஏமாற்று. எழுத்தின் அழகை வைத்து இதனைக் கண்டறிய இயலாது. மிகைப்பியை ஒரு மடங்குப் பெருக்கத்தில் இணைத்து, நேர் உள்ளீட்டை 1 மெகா ஓம் வழியே புவியுடன் சேர்த்து வெளியீட்டை அளந்தால் ஓரளவு உண்மை தெரியும். மெய்யான புல விளைவு வகை சில மில்லிவோல்ட்டுக்குள் நிற்கும். உள்ளே இருப்பது 5532 எனில் 0.2 வோல்ட் அளவில் காட்டும். எடுக்கும் மின்னோட்டத்தையும் தரவுத்தாளுடன் ஒப்பிடலாம். இரண்டும் பொருந்தினாலும் அது மெய்யென்று உறுதியாகாது. பொருந்தாவிடில் போலியென்பது ஏறக்குறைய உறுதி.